20 ஆண்டில் கழற்றப்பட வேண்டிய ஈஃபிள் கோபுரம் தப்பியது எப்படி? சிறை வரை போய் வந்த குஸ்டாவ் ஈஃபிளின் கதை

பாரிஸ் என்றதும் கண் முன்னே வந்து நிற்பது ஈஃபிள் கோபுரம்தான். சாவிக்கொத்து, டீ-ஷர்ட், சினிமா பாட்டு என எல்லாவற்றிலும் இடம்பிடித்துவிட்ட இந்த இரும்புக் கோபுரம், 1909-ம் ஆண்டோடு இல்லாமலே போயிருக்கலாம். காரணம், அதைக் கட்டியவருக்குக் கொடுக்கப்பட்ட உரிமை வெறும் 20 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு கோபுரம் பாரிஸ் நகராட்சிக்குச் சொந்தம். வைத்துக்கொள்வதும் கழற்றிப் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

அந்த 20 ஆண்டுகளில் கோபுரத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் விடாமல் போராடினார். இத்தனைக்கும் நடுவில் அவர் மீதே ஊழல் வழக்கு பாய்ந்தது. 2 ஆண்டு சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அவர்தான் குஸ்டாவ் ஈஃபிள்.

வினிகர் ஆலைக்குப் போக வேண்டியவர்

1832 டிசம்பர் 15 அன்று பிரான்ஸின் டிஜான் நகரில் பிறந்தார் குஸ்டாவ். அப்போது குடும்பப் பெயர் ஈஃபிள் மட்டும் இல்லை. ஜெர்மனியில் இருந்து வந்த மூதாதையர்களின் பெயர் பொனிக்ஹவுசன். பிரெஞ்சுக்காரர்களின் வாயில் அது நுழையவில்லை. அதனால் தாங்கள் கிளம்பி வந்த மலைப்பகுதியின் பெயரான ஈஃபிளையும் சேர்த்துக்கொண்டார்கள். சட்டப்படி பெயர் வெறும் ஈஃபிள் என்று மாறியது 1880-ல்தான். யோசித்துப் பாருங்க, அந்த மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் இன்று சுற்றுலாப் பயணிகள் 'பொனிக்ஹவுசன் கோபுரம்' முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா முன்னாள் ராணுவ வீரர். ஆனால் வீட்டுக்கு வருமானம் கொண்டுவந்தது அம்மாதான். நிலக்கரி வியாபாரத்தில் அவர் கெட்டிக்காரர். அவருக்கு நேரம் இல்லாததால் பையன் பெரும்பாலும் பாட்டியிடம் வளர்ந்தான்.

படிப்பிலும் ஆரம்பத்தில் பெரிதாக ஜொலிக்கவில்லை. பிரான்ஸின் பெருமைக்குரிய எகோல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கவில்லை. எகோல் சென்ட்ரல் என்ற வேறொரு கல்லூரியில் சேர்ந்து, 1855-ல் படிப்பை முடித்தார். அங்கே அவர் எடுத்த பாடம் என்ன தெரியுமா? வேதியியல். வினிகர் ஆலை வைத்திருந்த உறவினர் ஒருவரின் தொழிலில் சேர்வதுதான் திட்டம். ஆனால் இரு குடும்பங்களுக்கும் இடையே சண்டை வந்து அந்த வழி அடைபட்டது. வேறு வழியில்லாமல் ரயில்வே பாலங்கள் கட்டும் பொறியாளர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். வேதியியல் படித்த பையன் இரும்பைத் தொட்டது இப்படித்தான்.

பாலம் தந்த பாடம்

25 வயதில் போர்டோ நகரில் சுமார் 500 மீட்டர் நீள ரயில் பாலப் பணி அவர் பொறுப்பில் வந்தது. அதை 1860-ல் முடித்ததும் பெயர் பரவியது. 1866-ல் பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேவில் சொந்தப் பட்டறை. அதன் பிறகு போர்ச்சுகலின் போர்ட்டோவில் 160 மீட்டர் அகல வளைவில் நிற்கும் மரியா பியா பாலம், பிரான்ஸில் ஆற்றுக்கு மேல் 122 மீட்டர் உயரத்தில் ரயில் போகும் கராபி பாலம், ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஒரு ரயில் நிலையம் என வரிசையாக வேலைகள். நியூயார்க்கில் நிற்கும் சுதந்திரதேவி சிலையின் செம்புத் தகட்டுக்கு உள்ளே தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமும் இவரது பட்டறையில் உருவானதுதான்.

இந்தப் பாலங்களில் ஈஃபிள் அதிகம் பயந்தது ரயிலின் எடைக்கு அல்ல, காற்றுக்கு. பள்ளத்தாக்கின் குறுக்கே உயரமாக நிற்கும் பாலத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். கனமான சுவர் போலக் கட்டினால் காற்றுக்கு முழுப் பரப்பையும் காட்டுகிறோம். அதற்குப் பதிலாக, மெல்லிய இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஜன்னல் கம்பி போல விட்டுவிட்டால், காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும். பிற்காலத்தில் கோபுரம் ஏன் அந்த வடிவத்தில் வந்தது என்பதற்கான விடை இங்கேயே இருக்கிறது.

1877-ல் மனைவி மரி இறந்துபோனார். ஐந்து குழந்தைகள். ஈஃபிள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த மகள் கிளேர் வீட்டுப் பொறுப்பை ஏற்றார்.

ஈஃபிள் கோபுரத்தை வரைந்தது ஈஃபிளா?

இல்லை. இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1889-ல் பாரிஸில் மாபெரும் உலகக் கண்காட்சி நடக்க இருந்தது. அதற்கு ஏதாவது பிரம்மாண்டமாகச் செய்யலாமே என்று யோசித்தவர்கள் ஈஃபிள் நிறுவனத்தின் இரண்டு பொறியாளர்கள்: மோரிஸ் கெக்லான், எமில் நூகியே. 1884-ல் கெக்லான் முதல் வரைபடத்தைப் போட்டார். உயரம் புரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்திலேயே நோட்ரடாம் தேவாலயம், சுதந்திரதேவி சிலை உள்ளிட்டவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரைந்திருந்தார்.

முதலாளிக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. நீங்களே வேண்டுமானால் தொடர்ந்து செய்யுங்கள் என்ற அளவில் விட்டுவிட்டார். பிறகு கட்டடக் கலைஞர் ஸ்டீபன் சோவெஸ்ட்ர் அடியில் பெரிய வளைவுகளைச் சேர்த்து, வெறும் மின்கம்பம் போல இருந்ததை அழகாக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் ஈஃபிள் மனம் மாறினார். அதே ஆண்டு மூவர் பெயரிலும் காப்புரிமை பதிவானது. பின்னர் மற்ற இருவரின் பங்கையும் அவரே வாங்கிக்கொண்டார்.

அப்போ இது அடுத்தவர் யோசனையைத் தட்டிப்பறித்த கதையா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. வரைபடம் கெக்லானுடையது. ஆனால் அரசை ஒப்புக்கொள்ள வைத்தது, பணம் திரட்டியது, வழக்கு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கழுத்தை நீட்டியது எல்லாம் ஈஃபிள். அதற்காக, கோபுரத்தின் பெயரில் மற்ற மூவருக்கும் துளி இடம்கூட இல்லாமல் போனது நியாயமா என்றால், இல்லைதான்.

1886-ல் அரசு நடத்திய போட்டிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. முக்கியப் போட்டியாளரான ஜூல் பூர்டே, இதே அளவு உயரத்தில் கல் கோபுரம் கட்டி, உச்சியில் விளக்கு வைத்து நகரத்துக்கே வெளிச்சம் தரலாம் என்றார். வென்றது இரும்பு.

1887 ஜனவரி 8-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஃபிள் தன் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல், சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார். கட்டி முடிக்கும்போது செலவு சுமார் 78 லட்சம் பிராங்கைத் தொட்டது. இதில் அரசு கொடுத்தது 15 லட்சம் மட்டுமே. மீதிக்கு அவர்தான் பொறுப்பு. பதிலுக்கு, கண்காட்சிக் காலத்திலும் அது முடிந்து 20 ஆண்டுகளுக்கும் கோபுரத்தின் வசூல் அவருக்கு.

எழுத்தாளர்கள் கொதித்தது ஏன்?

அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்த சில நாட்களிலேயே, 1887 பிப்ரவரி 14 அன்று, 'லெ தாம்' நாளிதழில் ஒரு கண்டன அறிக்கை வந்தது. கையெழுத்திட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. எழுத்தாளர் மாப்பசான், இசையமைப்பாளர் கூனோ, பாரிஸ் ஓபரா கட்டடத்தை வடிவமைத்த கார்னியே, இளைய அலெக்சாண்டர் டூமா என்று அன்றைய பிரான்ஸின் பெரிய தலைகள். தொழிற்சாலைப் புகைபோக்கி மாதிரி ஒன்று நகரத்தின் அழகையே கெடுத்துவிடும் என்பது அவர்கள் கோபம்.

காற்றின் விசைக்கு ஏற்ப கணக்கிட்டு வந்த வளைவுகளுக்கும் ஓர் அழகு உண்டு என்பது ஈஃபிள் தரப்பின் பதில். கோபுரம் வந்த பிறகு மாப்பசான் அடிக்கடி அங்குள்ள உணவகத்தில் சாப்பிடுவார், அங்கிருந்தால் மட்டும்தான் கோபுரம் கண்ணில் படாது என்பார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எந்த அளவுக்கு உண்மையோ, ஆனால் ரசிக்கும்படி இருக்கிறது.

அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களின் பயம் வேறு. கோபுரம் வீட்டு மேல் விழுந்தால்? வழக்கு நீதிமன்றம் போனது. சேதம் ஏற்பட்டால் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று ஈஃபிள் ஏற்றுக்கொண்ட பிறகே வேலை தடையில்லாமல் நடந்தது.

2 ஆண்டு, 2 மாதம், 5 நாள்

கட்டிய விதம் இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்க வேண்டியது. 18,038 இரும்புத் துண்டுகள். எல்லாம் லெவல்வா-பெரே பட்டறையில் அளந்து, வெட்டி, துளை போட்டு, குதிரை வண்டியில் வந்தன. சுமார் 5,300 வரைபடங்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியம். களத்தில் ஒரு துண்டின் துளை பொருந்தவில்லை என்றால் அங்கேயே ராவிச் சரிசெய்யக் கூடாது, பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது கட்டளை.

பயன்படுத்தியது எஃகு இல்லை, தேனிரும்பு. மொத்தம் 7,300 டன். இணைக்க 25 லட்சம் ரிவெட்டுகள். ஒரு ரிவெட் அடிக்க நாலு பேர் வேண்டும். ஒருவர் அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார், ஒருவர் துளையில் பிடிப்பார், ஒருவர் தலையை வடிவாக்குவார், ஒருவர் சம்மட்டியால் அடிப்பார். சூடு ஆறும்போது ரிவெட் சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கிக் கவ்விக்கொள்ளும்.

ரொம்ப கஷ்டமான கட்டம் எது தெரியுமா? உச்சி இல்லை. முதல் தளம். நான்கு கால்களும் தனித்தனியாகச் சாய்ந்தபடி மேலே வந்து, 57 மீட்டர் உயரத்தில் ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டும். ஒரு கால் கொஞ்சம் பிசகினாலும் மேலே 300 மீட்டரில் கோபுரம் கோணிக்கொள்ளும்.

ஈஃபிள் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் வைத்திருந்தார். கால்களைத் தாங்கிய மரச் சாரத்தின் மேல் மணல் நிரப்பிய உருளைகள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால் இரும்பு மெல்லக் கீழே இறங்கும். அதே நேரம், ஒவ்வொரு காலின் அடியிலும் நீர் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கிகள். தூக்க வேண்டும் என்றால் அது. இப்படி மணலை விட்டும் ஜாக்கியை ஏற்றியும் 1887 டிசம்பரில் நான்கு கால்களையும் இணைத்தார்கள். குழந்தைகள் கடற்கரையில் விளையாடும் மணலை வைத்து, அன்றைய உலகின் மிக உயரமான கட்டுமானத்தை மட்டம் பார்த்திருக்கிறார்கள்!

களத்தில் ஒரே நேரத்தில் இருந்த தொழிலாளர்கள் சுமார் 150 முதல் 300 பேர்தான். சாப்பிடக் கீழே இறங்கி ஏறினால் நேரம் வீணாகும் என்று முதல் தளத்திலேயே கேன்டீன் வந்தது. உயரம் ஏற ஏற குளிரும் காற்றும் வாட்ட, 1888-ல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமும் நடந்தது. பாதுகாப்புத் தடுப்புகளில் ஈஃபிள் காட்டிய கவனத்தால், அந்தக் காலத்துப் பெரிய கட்டுமானங்களோடு ஒப்பிட்டால் இங்கே உயிரிழப்பு மிக மிகக் குறைவு.

1889 மார்ச் 31. லிஃப்ட் இன்னும் தயாராகவில்லை. 56 வயது ஈஃபிள் 1,710 படிகள் ஏறி உச்சியில் பிரான்ஸ் கொடியை ஏற்றினார். கொடிக்கம்பத்தோடு உயரம் 312 மீட்டர். அதுவரை உலக சாதனை வைத்திருந்த வாஷிங்டன் நினைவுத்தூண் 169 மீட்டர் மட்டுமே. கண்காட்சி நடந்த மாதங்களில் சுமார் 20 லட்சம் பேர் கோபுரம் ஏறினார்கள். போட்ட முதலில் பெரும்பகுதி அந்த ஒரே ஆண்டில் திரும்பி வந்துவிட்டது.

பனாமாவில் விழுந்த அடி

வெற்றியின் உச்சியில் நின்ற அதே நாட்களில், கடல் தாண்டி இன்னொரு பக்கம் நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. சூயஸ் கால்வாய் புகழ் லெசெப்ஸ், பனாமாவிலும் கடல் மட்டத்திலேயே கால்வாய் வெட்டிவிடலாம் என்று பணம் திரட்டி இறங்கியிருந்தார். மலையும் மழையும் மஞ்சள் காய்ச்சலும் அந்தத் திட்டத்தை விழுங்கின. கடைசியில் கப்பல்களை நீர்ப்பூட்டுகள் மூலம் ஏற்றி இறக்கலாம் என்று திட்டத்தை மாற்றி, அவற்றைக் கட்டித்தர 1887 டிசம்பரில் ஈஃபிளுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கோபுரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒப்பந்தம்.

1889 பிப்ரவரியில் கால்வாய் நிறுவனம் திவாலானது. கோபுரத்தில் கொடி ஏறுவதற்கு இரண்டே மாதம் முன்பு. சேமிப்பை எல்லாம் பங்குப் பத்திரங்களில் போட்டிருந்த லட்சக்கணக்கான சாதாரண பிரெஞ்சுக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. எம்.பி-க்களுக்கும் பத்திரிகைகளுக்கும் லஞ்சம் போன விவரம் பின்னர் வெளியே வர, நாடே கொதித்தது.

ஈஃபிள் லஞ்சம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு இல்லை. வேலைக்காக வாங்கிய முன்பணத்தை அந்த வேலைக்கே செலவிடவில்லை என்பதுதான். நிறுவனம் மூழ்கியபோதும் அவர் நல்ல லாபம் பார்த்திருந்தார் என்பது மக்களின் கோபத்தைக் கூட்டியது. 1893 பிப்ரவரி 9-ல் 2 ஆண்டு சிறை, 20,000 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. கோன்சியர்ஜரி சிறையிலும் அடைக்கப்பட்டார். ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் எதன் அடிப்படையில்? வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பு முடிந்துவிட்டது என்று. அதாவது குற்றம் செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. அவருக்கு அளிக்கப்பட்ட அரசு விருதைப் பறிக்கலாமா என்று விசாரித்த குழு, பறிக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. அது மட்டும்தான் ஆறுதல்.

60 வயதில் தன் நிறுவனத்தில் இருந்து விலகினார். நிறுவனத்தின் பெயரில் இருந்தும் 'ஈஃபிள்' நீக்கப்பட்டது. பொறுப்புக்கு வந்தவர் யார் தெரியுமா? முதல் வரைபடம் போட்ட கெக்லான்.

கோபுரத்துக்கு வேலை தேடிய மனிதர்

அவர் பெயரைச் சொல்ல இப்போது மிச்சம் இருந்தது கோபுரம் ஒன்றுதான். அதற்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டமும் குறைந்துவிட்டது. 1900-ல் மீண்டும் உலகக் கண்காட்சி நடந்தபோது கோபுரம் ஏறியவர்கள் சுமார் 10 லட்சம், அதாவது 1889-ல் வந்ததில் பாதி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதுவும் சரிந்தது. கழற்றிவிடலாம் என்ற பேச்சு நகராட்சியில் வெளிப்படையாகவே எழுந்தது.

அழகு என்று வாதாடி ஜெயிக்க முடியாது, பயன்பட்டால்தான் பிழைக்கும் என்பது ஈஃபிளுக்கு முதலில் இருந்தே தெரியும். பிரான்ஸின் 72 விஞ்ஞானிகள், பொறியாளர்களின் பெயர்களை முதல் தளத்தைச் சுற்றிப் பொறித்ததுகூட, இது அறிவியலுக்கான கோபுரம் என்று காட்டத்தான். அந்த 72-ல் ஒரு பெண்கூட இல்லை. பொருட்கள் எப்படி வளைகின்றன என்ற கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான சோஃபி ஜெர்மைனின் பெயரும் இல்லை. அந்தக் கணிதம் இல்லாமல் இந்தக் கோபுரமே இல்லை என்பதுதான் இதில் உறுத்தல்.

1889-லேயே உச்சியில் வானிலை ஆய்வு நிலையம் வைத்தார். பிறகு 70 வயதைத் தாண்டிய பின், இரண்டாம் தளத்தில் இருந்து கம்பி வழியாக விதவிதமான தகடுகளைக் கீழே விழவைத்து, காற்று அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க ஆரம்பித்தார். வாழ்நாள் முழுவதும் பாலங்களில் சண்டை போட்ட அதே காற்று!

விமானங்கள் பறக்கத் தொடங்கிய நேரம் அது. 1909-ல் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்க ஆய்வகம் கட்டினார். விசிறியால் காற்றை வேகமாக இழுத்து, நடுவில் விமானத்தின் சிறிய மாதிரியை வைத்துச் சோதிப்பார்கள். மூன்றே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சோதனைகள். இறக்கையைத் தூக்குவதில் கீழிருந்து தள்ளும் காற்றைவிட மேற்பரப்பில் உருவாகும் உறிஞ்சல்தான் அதிகப் பங்கு வகிக்கிறது என்பதை அளந்து காட்டினார். இதற்காக 1913-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லி பதக்கம் வழங்கியது. ரைட் சகோதரர்களுக்குக் கொடுத்த அதே பதக்கம். அப்போது அவர் வயது 80.

ஆனாலும் கோபுரத்தை உண்மையில் காப்பாற்றியது வேறொன்று. ரேடியோ.

1898-ல் எழின் டுக்ரெட்டே என்ற கருவி வடிவமைப்பாளர், கோபுரத்தில் இருந்து 4 கிலோமீட்டர் தள்ளியுள்ள பாந்தியோன் கட்டடத்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிக் காட்டினார். கம்பியில்லாத் தகவல் தொடர்புக்கு உயரமான ஆன்டெனா தேவை. பாரிஸில் கோபுரத்தைவிட உயரம் எது? 1903-ல் ராணுவத்திடம் ஈஃபிள் நேரடியாகப் போனார். கோபுரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், செலவு என்னுடையது என்றார். ராணுவத்துக்கு அப்போது ரேடியோ மீது பெரிய நம்பிக்கை இல்லை. தந்திக் கம்பியும் புறாவும் போதும் என்ற மனநிலை. ஆனால் கேப்டன் குஸ்டாவ் ஃபெரியே என்ற இளம் அதிகாரி விடவில்லை. உச்சியில் இருந்து தரைக்கு கம்பிகளை இழுத்துக் கட்டி சோதனை நடத்தினார். முதலில் சில நூறு கிலோமீட்டர் எட்டிய சிக்னல், 1908-ல் 6,000 கிலோமீட்டரை எட்டியது.

இனி யார் அதைக் கழற்றுவார்கள்? 1910 ஜனவரி 1 முதல் ஈஃபிளின் உரிமை மேலும் 70 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதே 1910-ல் கடலில் உள்ள கப்பல்களுக்கு நேரம் அறிவிக்கும் சிக்னல்கள் இங்கிருந்து போகத் தொடங்கின. அதே ஆண்டு ஜெர்மன் பாதிரியாரும் இயற்பியலாளருமான தியோடர் வுல்ஃப் ஒரு கருவியோடு கோபுரம் ஏறி, உயரே போனாலும் கதிர்வீச்சு எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று கண்டார். விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அறிவியல் கண்டுபிடித்த பாதையில் அது ஒரு முக்கியமான படி.

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மன் படைகள் பாரிஸை நெருங்கியபோது அவர்களுடைய ரேடியோ செய்திகளைக் கோபுரத்தில் இருந்த ராணுவ நிலையம் ஒட்டுக்கேட்டது. மார்ன் சண்டையில் எதிரியைத் தடுத்து நிறுத்தியதில் அந்தத் தகவல்களுக்கும் பங்கு உண்டு. நடனக் கலைஞர் மாதா ஹரியை உளவாளி என்று கைது செய்யக் காரணமான ஜெர்மன் செய்திகளும் இந்தக் கோபுரத்தில்தான் சிக்கின.

கடைசி நாட்கள்

தன் ஆய்வகத்தைப் பாரிஸின் ஒத்தேய் பகுதிக்கு 1912-ல் மாற்றிய ஈஃபிள், பிறகு அதை அரசுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் காற்றுச் சுரங்கம் இன்றும் அங்கே இருக்கிறது. 1921 கடைசியில் கோபுரத்தில் இருந்து பொதுமக்களுக்கான வானொலி ஒலிபரப்பும் ஆரம்பமானது. அதைக் காதால் கேட்கும் அளவுக்கு அவர் உயிரோடு இருந்தார்.

1923 டிசம்பர் 27-ல், 91 வயதில், பாரிஸ் வீட்டில் காலமானார். பட்டறை வைத்திருந்த அதே லெவல்வா-பெரேவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து இரண்டே ஆண்டில், 1925-ல், விக்டர் லஸ்டிக் என்ற பலே மோசடிப் பேர்வழி அரசு அதிகாரி வேஷம் போட்டு, கோபுரத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தருகிறோம் என்று சொல்லி ஒரு வியாபாரியிடம் பணம் பறித்த கூத்தும் நடந்தது. கோபுரத்தைக் கழற்றப்போகிறார்கள் என்ற பேச்சு அந்த அளவுக்கு ஊரில் ஊறிப்போயிருந்தது.

1930-ல் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் வந்து உயர சாதனையைத் தட்டிச் சென்றது. ஆனால் ஆன்டெனா வேலை மட்டும் இன்னும் நின்றபாடில்லை. 2022 மார்ச்சில் டிஜிட்டல் ரேடியோவுக்காகப் புதிய ஆன்டெனா ஒன்றை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் உச்சியில் பொருத்தினார்கள். அதில் கோபுரம் 6 மீட்டர் வளர்ந்தது. இப்போதைய உயரம் 330 மீட்டர்.